நகை சங்கத்தில், பெண் பிறந்த வீட்டில்

எங்கள் தஞ்சை, திருவாரூர் பக்கத்தில் கல்யாணம் முறிந்தால் இரண்டு வழிதான் உண்டு என்று பலரும் நம்புகிறார்கள். ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசி இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்வது ஒன்று. வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு வாய்தா அலைந்து, பெண்ணுக்கு வயது ஏறும்வரை காத்திருப்பது இன்னொன்று. கோர்ட் வளாகத்துக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. சமரசத் தீர்வு மையம் என்று பலகை மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். அங்கே போனால் கையைப் பிடித்துச் சேர்த்துவைத்து அனுப்பிவிடுவார்கள் என்று பெண் வீட்டாருக்குப் பயம். போனால் தோற்றுவிட்டதாக ஊர் பேசும் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயம்.

என் அக்கா மகளின் விவாகரத்து அந்த மையத்தில்தான் தீர்ந்தது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஊர்ப் பெயர் எதுவும் சொல்லாமல். உள்ளே யார் என்ன பேசினார்கள் என்பதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே பேசுவதை வெளியே கொண்டுவரக் கூடாது என்பதுதான் விதி. பேச்சு முறிந்து வழக்கு கோர்ட்டுக்கே திரும்பினாலும், அங்கே ஒருவர் ஒப்புக்கொண்டதை இன்னொருவர் சாட்சியாகக் காட்ட முடியாது. இரு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து பேசவைக்கும் சமரசரைக் கூண்டில் ஏற்றவும் முடியாது. முடிந்தது, முடியவில்லை என்பதற்கு மேல் அவர் நீதிபதிக்கு எதுவும் எழுதி அனுப்புவதில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்தால் யார் வீட்டு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடக்கூடிய ஊர்களில் வாழ்கிறோம். இந்த ஒரு விதிக்காகவே நான் அந்த மையத்தை மதிப்பேன்.

முதலில் பஞ்சாயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா பஞ்சாயத்துப் பேசுகிற மனிதர். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எல்லாவற்றையும் அவர் நியாயமாகவே தீர்த்துவைத்திருக்கிறார். ஆனால் கல்யாண விஷயம் வந்தால் திண்ணையில் ஆண்கள் மட்டும் உட்காருவார்கள். பெண் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருப்பாள். "அதுக்கு என்ன தெரியும், நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. கடைசியில் ஒரு தொகை, ஒரு பத்திரம், இரண்டு சாட்சிக் கையெழுத்து. அந்தப் பத்திரம் விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, சில சமூகங்களில் வழிவழியாக இருந்துவரும் வழக்காற்று விவாகரத்தை ஏற்கிறது, உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்காறு இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். எல்லோருக்கும் அது வாய்க்காது.

பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்களின் கதை பல ஆண்டுகள் கழித்துத் தாலுகா ஆபீஸில் வெளிவரும். புருஷன் இறந்திருப்பான். வாரிசுச் சான்றிதழுக்கு இரண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். முதல் மனைவி இன்னும் சட்டப்படி மனைவியாகவே இருப்பாள். இரண்டாவதாக வந்தவள் வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியிருந்தாலும் குடும்ப ஓய்வூதியத்துக்கு வழி இருக்காது. முதல் மனைவி புகார் கொடுத்திருந்தால் இருதார மணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு. இருபது ரூபாய் பத்திரம் இதையெல்லாம் தடுக்காது.

கோர்ட் வழி எப்படி என்றால், எங்கள் பெண்ணுடையது சாதாரணக் கதைதான். அவள் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன் சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி மனுப் போட்டான். அவள் கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்டாள். ஜீவனாம்ச மனு தனியாக ஓடியது. கொடுமை என்று எழுதிவிட்டால் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டும் என்றதும் மனுவில் நடந்ததோடு நடக்காததும் ஏறிவிடும். பதில் மனுவில் அவள் நடத்தையைப் பற்றி ஒரு வரி வரும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என் அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். எழுதியவன்கூட அதை நம்பியிருக்கமாட்டான் என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். வக்கீல் ஆபீஸில் அப்படி எழுதுவது ஒரு பழக்கம்.

சேர்த்துவைக்க முடியுமா, சமாதானமாக முடிக்க முடியுமா என்று பார்ப்பது 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி நீதிபதியின் கடமை. குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் சார்பு நீதிமன்றம் இந்த வழக்குகளை நடத்துகிறது. குடும்ப வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்புங்கள் என்று உச்ச நீதிமன்றமும் 2013-இல் அழுத்தமாகச் சொன்னது. கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான், 2005-இல். பிறகு மாவட்டங்களுக்கு வந்தது. கட்டணம் கிடையாது.

இனி நகைக்கு வருகிறேன். கல்யாணத்தில் அவளுக்குப் போட்டது 22 சவரன். அதில் 14 சவரன் அவள் மாமனார் பெயரில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருந்தது. மீதி ஒரு தனியார் அடகுக் கடையில். டெல்டாவில் இது ரகசியமோ மோசடியோ இல்லை. நடவுக்குப் பணம் வேண்டும், மருமகள் நகை பீரோவில் இருக்கிறது, சங்கத்தில் வட்டி குறைவு. எந்த வீட்டில் நடக்கவில்லை? என் நகையும் அப்படிப் போய்த்தான் வந்தது. குடும்பம் நன்றாக இருக்கும்வரை யாரும் கணக்குக் கேட்பதில்லை. முறிந்த பிறகுதான், நகை யாருடையது, கடன் யாருடையது, வட்டி யார் கட்டுவது என்ற கேள்விகள் வருகின்றன. சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து என்று சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கோர்ட்டும் திருப்பிக் கொடு என்று தீர்ப்புச் சொல்லும். ஆனால் சங்கத்தில் அடகு வைத்தவர் மாமனார், ரசீது அவரிடம். வழக்கில் அவர் தரப்பே இல்லை. தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்ற இன்னொரு மனுப் போட்டு, அதற்குள் வட்டி ஏறி நகை ஏலத்துக்குப் போனால் கையில் இருப்பது தீர்ப்பு நகல் மட்டும்தான்.

சமரசர் செய்த முதல் காரியம் அந்த மாமனாரை அழைத்தது. அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது என்று அக்கா மகள் சொன்னாள், அவ்வளவுதான் சொன்னாள். எழுதி முடித்த ஒப்பந்தத்தை நான் படித்தேன். சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் மாமனாரின் வங்கிக் கணக்கில் ஏறியதும் சங்க நகையை மீட்க வேண்டும். மீட்கும் நாளில் அவள் சங்கத்தில் இருக்க வேண்டும், நகை கவுண்டரிலேயே அவள் கைக்கு வர வேண்டும். தனியார் கடையில் இருப்பதை அவன் தன் சம்பளத்திலிருந்து முன்னதாகவே மீட்டுத் தர வேண்டும். பங்குனிக்குள் சங்க நகை வராவிட்டால் அன்றைய தங்க விலைக்குப் பணம். அன்றைய விலை என்ற அந்தச் சொற்களைச் சேர்க்கச் சொன்னது அவள்தான் என்று நினைக்கிறேன், கணக்குப் படித்தவள்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு, இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் கட்டாயம் அல்ல, தகுந்த வழக்குகளில் நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. எங்களிடமும் ஒரு வக்கீல் அதற்கு மனுப் போடலாம் என்றார். பெண் வேண்டாம் என்றுவிட்டாள். புரட்டாசியில் மனு, பங்குனியில் இறுதி விசாரணை. நடுவில் சம்பா வளர்ந்து, கதிர் முற்றி, அறுத்து, நெல் விற்கும். சட்டம் கொடுத்த அவகாசம் பயிருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்திருந்தால் நகை வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்திருக்கும். தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். நகை வராமல் இறுதிக் கையெழுத்து இல்லை என்பதுதான் அவள் கையிலிருந்த ஒரே பிடி. ஒப்பந்தம் என்றால் நல்ல மனது என்று யாரும் மயங்க வேண்டாம். நல்ல ஒப்பந்தத்தில் எந்தக் காசு எந்தத் தேதியில், எந்தக் கையெழுத்துக்கு முன்னால் என்று எழுதியிருக்கும்.

குழந்தை விஷயமும் அப்படித்தான். அப்பா குழந்தையைப் பார்ப்பதற்குக் கோர்ட் உத்தரவு என்றால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று வரும். இந்த ஒப்பந்தத்தில் ஆடிப்பெருக்கு அப்பா வீட்டில் என்று இருக்கிறது, ஏனென்றால் ஆறு அந்த ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. தீபாவளி ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. பரீட்சை நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. எந்த நீதிபதியும் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்து எழுதமாட்டார், அவருக்கு நேரமும் கிடையாது.

ஒன்று மறந்துவிடக் கூடாது. சமரச ஒப்பந்தமே விவாகரத்து அல்ல. அதை வைத்து கோர்ட் தீர்ப்பு வழங்கினால்தான் விவாகரத்து. நடுவில் 498ஏ வழக்கு, அதாவது புருஷனும் அவன் வீட்டாரும் கொடுமை செய்ததாகப் போடும் குற்ற வழக்கு, இருந்தால் (2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டத்தில் 85-ஆம் பிரிவு) அதை இரு தரப்பும் பேசி மூடிவிட முடியாது. சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில்தான் ரத்து செய்ய வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் அதற்கு மதுரைக் கிளைக்குப் போவார். பக்கத்திலிருக்கும் திருவாரூர், நாகப்பட்டினத்துக்காரர் சென்னைக்கு ரயில் ஏறுவார். ஒரே வாய்க்காலின் இரு கரையில் இருந்தாலும் இதுதான் நிலை. இந்தச் செலவையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் அதற்கும் ஒரு சண்டை வரும்.

அடி வாங்கும் பெண்ணுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு, வசிப்பிட உத்தரவு வாங்கலாம், பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழைக்கலாம். தன்னை அடித்தவனுக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேரம் பேச எந்தப் பெண்ணாலும் முடியாது. மகளிர் காவல் நிலையத்தில் மனு விசாரணை என்ற பெயரில் நடப்பதையும் சிலர் சமரசம் என்கிறார்கள். "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று சீருடையில் இருப்பவர் சொன்னால் அதற்குப் பெயர் அறிவுரை, சில சமயம் மிரட்டல். சமரசர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. பிடிக்கவில்லை என்றால் எந்த நிலையிலும் எழுந்து வந்துவிடலாம், வழக்கு விட்ட இடத்திலிருந்து ஓடும்.

மையங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவரவில்லை. சமரசர்கள் பெரும்பாலும் அதே ஊரில் தொழில் செய்யும் வக்கீல்கள். எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஜூனியராக இருந்தவரே வந்து உட்காரலாம். நெருடினால் வேறொருவரைக் கேளுங்கள், அதில் அவமரியாதை எதுவும் இல்லை. தனித்தனியாகப் பேசுவதற்கு இரண்டு அறைகூட இல்லாத இடங்களும் உண்டு. பெண் அழுதுகொண்டிருப்பது தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

சமரசத்துக்கென்றே 2023-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 120 நாளில் முடிக்க வேண்டும், இருவரும் சம்மதித்தால் இன்னும் 60 நாள் என்று அதில் கால வரம்பு இருக்கிறது. நாள் வரம்பு நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவனுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தேதி கொடுத்தால் அவன் அம்மாவும் மாமாவும்தான் வந்து உட்காருவார்கள், மறுபடியும் பஞ்சாயத்துதான். ஆறு மாதக் காத்திருப்பைப் பற்றிய அந்த 2017 தீர்ப்பே காணொலியை அனுமதிக்கிறது. மாவட்ட மையங்களில் ஒரு நல்ல திரை, ஒரு நல்ல இணைய இணைப்பு, சிங்கப்பூர்க்காரனின் விடுப்பு நாளான ஞாயிற்றுக்கிழமையில் ஓர் அமர்வு. இவ்வளவுதான் நான் கேட்பது.

வழக்கே போடாதவர்களும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா கோர்ட்டில் உள்ள வட்டக் குழுவிலோ மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, தொலைபேசி எண் 15100. போகும்போது கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்றிதழ், நகைக் கடை பில், அடகு ரசீதின் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ரசீது மாமனார் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால், அடகு வைத்த மாதத்தையும் சங்கத்தின் பெயரையுமாவது ஒரு தாளில் குறித்து எடுத்துப்போங்கள்.