எக்ஸ் பை எக்ஸ் ஒண்ணுன்னு யார் சொன்னா?

போன வாரம் திருவான்மியூர் ஸ்டேஷன் வாசல்ல என் பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன பார்த்தேன். "மேம், அந்த ரிவ்யூ பிரிண்ட் அவுட் இன்னும் வச்சிருக்கேன்"னான். எந்த ரிவ்யூன்னு நான் கேக்கல, எனக்கும் அது மறக்கல.

ஃபைனல் இயர்ல அவன் லிஸ்ப்ங்கிற ப்ரோக்ராமிங் லாங்குவேஜ்ல ஒரு குட்டி சிம்ப்ளிஃபையர் எழுதினான். கணக்க நம்பர் போட்டு முடிக்காம எழுத்தாவே வச்சு சுருக்குற ப்ரோக்ராம், எக்ஸ் ப்ளஸ் ஜீரோன்னா எக்ஸ், எக்ஸ் இன்ட்டு ஒண்ணுன்னா எக்ஸ்னு ரூல் ரூலா போகும். ஒரு நாள் லேப்ல அது நிக்கவே இல்ல. என்னடான்னு பார்த்தா, ஏ ப்ளஸ் பிய பி ப்ளஸ் ஏ ஆக்குன்னு ஒரு ரூல் போட்டு வச்சிருக்கான், அது மாத்துது, மாத்தினத மறுபடி மாத்துது, விட்டா விடிய விடிய மாத்திட்டே இருக்கும். மூணு நாள் உக்காந்து, ஏ ப்ளஸ் பி மாதிரி கோவைகள்ல எது பெருசு எது சின்னதுன்னு ஒரு வரிசை வச்சு, சின்னதாகுற பக்கம் மட்டும்தான் ரூல் ஓடணும்னு கட்டினான். இதே மாதிரி ஒரு வரிசைய வச்சு 1970லயே க்னூத், பெண்டிக்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பேப்பர் எழுதியிருக்காங்கடான்னு எடுத்து காட்டினேன், அப்போ அவன் முகத்த பாக்கணுமே!

அத எழுதி வெளிநாட்டு வொர்க்‌ஷாப் ஒண்ணுக்கு அனுப்பினோம். ரிஜெக்ட். ஆனா பேப்பர படிச்சு பார்த்தவங்க எழுதின மூணு ரிவ்யூ வந்துச்சு, அதுல ஒருத்தர் ஒரு பக்கத்துக்கு மேல எழுதியிருந்தார். "எக்ஸ் பை எக்ஸ ஒண்ணுன்னு சுருக்குறீங்களே, எக்ஸ் ஜீரோவா இருந்தா? ஜீரோவால வகுக்க முடியாதே?" முகம் தெரியாத ஒரு மனுஷன் எங்க ஊர் பையனோட ஒவ்வொரு ரூலையும் கையில போட்டு பார்த்திருக்கார். அத சரி பண்ண ஒரு மாசம் வேணும். காலேஜ்ல அந்த ஒரு மாசம் கிடைக்கல, செமஸ்டர் முடியுறதுக்குள்ள ஜர்னல்ல வரணும், இல்லன்னா மார்க் போகும்னுட்டாங்க. காசு வாங்கிட்டு போடுற ஒரு ஜர்னலுக்கு 12,000 ரூபா கட்டினான், அப்பா ஆட்டோ ஓட்டுறவரு. ரெண்டாம் நாளே அக்செப்டட். ரிவ்யூன்னு வந்தது ரெண்டே வரி, இங்கிலீஷ சரி பண்ணுங்க, ரெஃபரன்ஸ கூட்டுங்க. எக்ஸ் பை எக்ஸ் ஒண்ணுன்னே அச்சாயிடுச்சு, இன்னிக்கும் அங்கயே கிடக்குது. கைடுன்னு கையெழுத்து போட்டது நான்தான், அது இன்னும் உறுத்துது.

ஒரு பேப்பர ஒருத்தர் உக்காந்து படிக்கிறதுதாங்க விஷயமே. லிஸ்ப் பொறந்த கதைய பாருங்க, அத உருவாக்கின ஜான் மெக்கார்த்தி 1960ல வந்த லிஸ்ப் பேப்பருக்காக தியரியா எழுதி வச்சிருந்த ஈவல் ஃபங்ஷன, அதாவது லிஸ்ப் கோட வாங்கி விடை சொல்ற ஃபங்ஷன, அவர்கிட்ட வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல் பார்த்துட்டு, இத அப்படியே மெஷின்ல ஏத்திடலாமேன்னு ஐபிஎம் 704 கம்ப்யூட்டர்ல கையாலயே கோட் பண்ணிட்டார். மெக்கார்த்தியே அத எதிர்பார்க்கல. ரஸ்ஸல் அக்கறையா படிக்கலன்னா அது பேப்பர்லயே நின்னிருக்கும்.

இன்னொண்ணு, புரோகிராமிங் லாங்குவேஜ் ஃபீல்டுல நல்ல வேலை எல்லாம் முதல்ல கான்ஃபரன்ஸுக்குத்தான் போகும், அங்க தேறி வர்றதுதான் கஷ்டம். ஆனா நம்ம காலேஜ் ஃபார்ம்ல "ஜர்னல்"ங்கிற கட்டம்தான் பெருசு. இந்த பிரச்சினை நம்ம ஊர்ல மட்டும் இல்ல, பல நாட்டுல இருக்கு, கம்ப்யூட்டர் துறை சங்கமான ஏசிஎம்காரங்க 2017ல பேக்எம்பிஎல்னு ஒரு ஜர்னல் ஆரம்பிச்சு பாப்பல், ஐசிஎஃப்பி, ஊப்ஸ்லா மாதிரி பெரிய கான்ஃபரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் அதுல போட ஆரம்பிச்சாங்க, 2023ல பிஎல்டிஐ கான்ஃபரன்ஸும் சேர்ந்துச்சு. படிக்க காசு வேணாம். இங்க 1981ல இருந்து நடக்குற எஃப்எஸ்டிடிசிஎஸ்னு ஒரு கம்ப்யூட்டர் தியரி கான்ஃபரன்ஸ் இருக்கு, 2008ல இருந்து அந்த பேப்பர் எல்லாம் யார் வேணா இலவசமா படிக்கலாம். தரமணில மேட்சயின்ஸ், சிறுசேரில சிஎம்ஐன்னு ரெண்டு ஆராய்ச்சி நிறுவனம், இந்த மாதிரி தியரி பண்றவங்க பஸ் தூரத்துல இருக்காங்க, நம்ம இன்ஜினியரிங் காலேஜ் பசங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? பிஎச்டிக்கே பப்ளிகேஷன் கட்டாயம் இல்லன்னு யுஜிசி 2022லயே ரூல மாத்திடுச்சு, பிஇ படிக்கிற பையன்கிட்ட ஏன் இந்த பிடிவாதம்?

எண்ணிக்கைய விடுங்க. பையன் எழுதின ப்ரோக்ராம் ஓடுதா, எங்க நிக்காம சுத்துது, எந்த ரூல் தப்புன்னு டிபார்ட்மென்ட்ல ரெண்டு பேர் உக்காந்து படிச்சு எழுதி குடுங்க, அதுக்கு மார்க் போடுங்க. ரிஜெக்ட் ஆனாலும் ரிவ்யூவ காட்டினா அதுக்கும் மார்க் போடுங்க. நான் எங்க டிபார்ட்மென்ட் மீட்டிங்ல இத எழுத்துலயே குடுத்துட்டேன், மறுபடியும் குடுப்பேன்.

ஸ்டேஷன் வாசல்லயே லேப்டாப்ப திறந்து காட்டினான். இப்போ எக்ஸ் பை எக்ஸ சுருக்கும்போது பக்கத்துலயே "எக்ஸ் ஜீரோ இல்லன்னா"ன்னு ஒரு கண்டிஷன் ஒட்டிக்கிட்டே வருது, அந்த கண்டிஷன் அடுத்தடுத்த ஸ்டெப்புக்கும் தொலையாம போகுது. வேலைக்கு போயிட்டு ராத்திரி ராத்திரி உக்காந்து எழுதியிருக்கான். "பழைய பேப்பர்ல தப்பு இருக்குன்னு முதல் பக்கத்துலயே எழுதிடலாமா மேம்?"னு கேட்டான். முதல் பாராவுலயே எழுதுடான்னேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரான், கோட முழுசா ஓட்டி பார்க்கணும்.