சுரங்கமே இல்லாத ஆத்துல சுரங்கக் கழிவு

அலாஸ்காவுல சால்மன் ரிவர்னு ஒரு ஆறு இருக்கு, பேர்லயே மீன். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்க, ப்ரூக்ஸ் மலையில பொறந்து ஒரு 110 கிலோமீட்டர் ஓடி கோபுக் ஆத்துல சேருது. ரோடு கிடையாது, ஃபேக்டரி கிடையாது, அணை கிடையாது, போகணும்னா குட்டி ப்ளேன்தான். 1980ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டத்துல இதைக் காட்டு ஆறுன்னு அறிவிச்சு யாரும் கை வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

யாரும் வைக்கவும் இல்ல. ஆனா 2019ல தண்ணி ஆரஞ்சு கலராயிடுச்சு. அடியில கிடக்குற கல்லை எண்ணலாம்ங்கற மாதிரி இருந்த தண்ணி. போட்டோவை மொதல்ல பார்த்தப்ப ஏதோ சாயப்பட்டறைன்னுதான் நெனச்சேன், துருப்பிடிச்ச டேங்கைக் கழுவி விட்ட மாதிரி ஒரு நிறம்.

விஷயம் என்னன்னா அங்க மண்ணு ஆயிரக்கணக்கான வருஷமா உறைஞ்சே கிடந்துச்சு. இப்ப பூமி சூடாகுறதுல உருகுது, உள்ள இருக்குற சல்ஃபைடு பாறையில (கந்தகம் கலந்த பாறை) தண்ணியும் காத்தும் பட்டதும் ஆசிட் உண்டாகி இரும்பு, அலுமினியம், காட்மியம்னு எல்லாத்தையும் கரைச்சு ஆத்துல கொண்டுவந்து விடுது. சுரங்கத்துல இருந்து வர்ற கழிவுத்தண்ணி இருக்குல்ல, அதே வேதியியல்தான், சுரங்கம் மட்டும் இல்ல. ப்ரூக்ஸ் மலையில இப்படிக் கலர் மாறுன ஓடைங்க 75ன்னு கணக்கு எடுத்திருக்காங்க.

இதை ஒரு ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். "தானாவே கெடுதுல்ல, அப்புறம் அந்த ஆம்ப்ளர் ரோட்டைப் போட்டா என்ன"ன்னு கேக்குறான். கோபுக் ஆத்து மேல்பக்கமா தாமிரச் சுரங்கத்துக்குப் போடப்போற 340 கிலோமீட்டர் ரோடு அது, 2024ல பைடன் அரசு வேணாம்னுச்சு, 2025 அக்டோபர்ல ட்ரம்ப் சரின்னுட்டாரு. (இதுல கூத்து என்னன்னா பாதுகாப்பு கொடுத்த அதே 1980 சட்டத்துலயே இந்த ரோட்டுக்கும் வழி விட்டு வெச்சிருக்காங்க.)

தானாவே எங்கடா கெடுது? அந்த மண்ணை உருக வெச்ச சூடு வானத்துல இருந்து குதிச்சா வந்துச்சு? சும்மா உருகுனதுக்கே இந்த கதின்னா, அந்தப் பக்கத்துப் பாறையைத் தோண்டி அரைச்சுக் கொட்டுனா என்ன ஆகும்? சுரங்கத்துலயாவது கழிவு வர்ற வாய் தெரியும், சுண்ணாம்பு போட்டு சுத்தம் பண்ண ப்ளான்ட் வைன்னு கம்பெனி கழுத்தைப் பிடிக்கலாம். இங்க மலைச்சரிவு முழுக்க வாய்தான், யார் கழுத்தைப் பிடிக்கிறது?

கீழ கோபுக் கரையில இருக்குற இனுபியாட் பழங்குடி மக்களுக்கு மீன்தான் சோறு. மீன் சதையில இருக்குற உலோகம் இப்போதைக்கு மனுஷனுக்கு ஆபத்தான அளவு இல்லைன்னுதான் ஆய்வு சொல்லுது, அது ஒரு ஆறுதல். ஆனா சம் சால்மன்ங்கற சால்மன் வகை மீன் கடல்ல இருந்து திரும்பி வந்து முட்டை போடுறது கல் இடுக்குல, முட்டைக்கு அந்த இடுக்கு வழியா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். இப்ப அந்த இடுக்குலதான் இரும்புச் சேறு போய் அடைக்குது.