காய்ச்சல் விட்ட பிறகும் சாப்பிட வேண்டிய மாத்திரை

நெல்லைப் பக்கம் மும்பையில் பிழைக்கிற ஆள் இல்லாத தெரு குறைவு. கோயில் கொடைக்கு ஊர் வந்து இறங்கியதும் குளிரும் காய்ச்சலுமாகப் படுத்துவிடுகிற தம்பிமார் உண்டு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சிலருக்கு மலேரியாவில் ஒரு வகையான வைவாக்ஸ். அதற்கு மாத்திரை கொடுத்து அனுப்பும் விதத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

குளோரோகுவின் மூன்று நாள். ரத்தத்தில் இருக்கிற கிருமியை அது கொல்லும், காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் உறங்கிக் கிடக்கும். குளோரோகுவினுக்கு அது சாகாது. சில வாரமோ பல மாதமோ கழித்து மறுபடி கிளம்பும். அதை அழிக்கத்தான் பிரைமாகுவின், 14 நாள். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான். "காய்ச்சல்தான் விட்டுட்டுல்லா அண்ணாச்சி. மிச்சத்த எடுத்து வச்சிருக்கேன், வீட்ல யாருக்காவது வந்தா ஆகும்" என்றான். அவன் மதினி அப்போது மாசமாக இருந்தார். கர்ப்பிணிகளுக்குப் பிரைமாகுவின் கூடவே கூடாது, கைக்குழந்தைகளுக்கும் கூடாது. இதை அவனிடம் யாருமே சொல்லவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீட்டு எழுதியவரும் மாத்திரையை எண்ணிக் கொடுத்தவரும் ஒரு நிமிடம் பேசியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஜி6பிடி. ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற நொதி அது. பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்கள் பிரைமாகுவின் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "14 நாளும் முழுசா சாப்பிடு" என்று மட்டும் அதட்டி அனுப்பினால் போதாது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். முதல் மாத்திரைக்கு முன்பே ஜி6பிடி பார்த்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

குறை இருக்கிறதென்று தெரிந்தால் வழியே அடைந்துவிடாது. வாரம் ஒரு வேளையாக 8 வாரம், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கிற முறையை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. இந்தக் குறை தாய்வழியாக மகனுக்கு வருவது, ஆண்களிடம்தான் அதிகம். ஆகவே ஒருவனுக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் தாய்மாமனுக்கும் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த ரிப்போர்ட்டை ஆதார் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மும்பையில் திரும்பக் காய்ச்சல் வந்தால், அங்குள்ள டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.