தமிழ்ப்பள்ளி எந்தப் பிள்ளைகளின் தேர்வு?

மலேசியாவில் முதலாம் ஆண்டு மாணவர் பதிவு தொடங்கினால் போதும், முகநூல் முழுக்க ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ பதாகைதான். நானும் பகிர்கிறேன். ஆனால் ஆட்டிசமோ, எழுத்தும் வாசிப்பும் சிரமமாகும் டிஸ்லெக்சியாவோ உள்ள பிள்ளையின் தாய்க்கு அந்தத் தேர்வு பெரும்பாலும் கையில் இல்லை.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் தங்கை மகனுக்கு ஆட்டிசம். (“ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், மாமாவும் அப்படித்தான்” என்று உறவே சேர்ந்து இரண்டு வருடத்தை ஓட்டியது தனிக்கதை.) ஐந்து வயதில் அவனிடம் இருந்த கொஞ்சச் சொற்களும் தமிழ்: தண்ணி, வேணாம், பாட்டி, போலாம். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் கேட்டோம். “இங்க சிறப்புக் கல்வி வகுப்பு இல்லம்மா, தேசியப் பள்ளியில போட்டாப் பிள்ளைக்கு நல்லது” என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் திருப்பி அனுப்பியது அனுப்பியதுதான். எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் மறுக்கக் கூடாது என்பது 2019 முதல் அரசின் கொள்கை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மீறினால் தண்டனை என்று மட்டும் அதில் எதுவும் இல்லை.

தேசியப் பள்ளியில் சேர்த்தோம். ஆசிரியை தங்கமானவர், பாடமெல்லாம் மலாய். பேச்சுப் பயிற்சியாளரோ வீட்டிலும் ஒரே மொழி, மலாயாகவே இருக்கட்டும் என்றார். பாட்டிக்குத் தெரிந்த மலாய் மார்க்கெட்டோடு சரி. நாள் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? இருமொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்லியாயிற்று. அறிவுரைதான் ஓயவில்லை. தமிழில் பயிற்சி தருபவரைத் தேடிப் பாருங்கள், தெரியும். சிறப்புக் கல்வி மாணவருக்கு அரசு தரும் மாத உதவி 150 ரிங்கிட். தனியாரிடம் ஒரு தடவை போய்வந்தாலே அநேகமாகக் காலி.

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். சிலவற்றில் சிறப்புக் கல்வி வகுப்பு நடக்கிறது, அங்கே தமிழில் பேசிச் சிரிக்கிறார்கள் பிள்ளைகள். மற்ற பள்ளிகளில் ஏன் முடியவில்லை? ஆசிரியரைக் கல்வி அமைச்சு தர வேண்டும், உண்மை. கேட்டால்தானே தரும்! மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் விருந்து வைத்து நிதி திரட்டுகிறோம். சிறப்புக் கல்வி வகுப்புக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை, பக்கத்திலேயே கழிப்பறை, இதற்கு யாரும் விருந்து வைத்துப் பார்த்ததில்லை. ஆறாம் ஆண்டு பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் ஒழிந்தது. மெதுவாகப் படிக்கிற பிள்ளை வந்தால் பள்ளியின் பெயர் கெடும் என்ற பயம் ஒழியவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைகிறதே என்று ஒரு பக்கம் புலம்பல், வாசல்வரை வந்த பிள்ளைக்கு இன்னொரு பள்ளியின் முகவரி.

பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு கல்வி இலாகாவுக்குக் கடிதம் போகட்டும். பிள்ளைகள் எங்கே என்று இலாகா கேட்டால், செந்தூலிலேயே எனக்குத் தெரிந்த குடும்பங்கள் நாலைந்து உண்டு. இன்பாக்ஸில் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு வருகிறேன்.