சம்பளம் இல்லாத மூன்று மாதம்

மூன்று மாதம் சம்பளம் கிடையாது. அதன் பிறகு 7,000 ரூபாய். அசல் சான்றிதழ்களை முதலாளியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டு வருடம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். விஷுவல் கம்யூனிகேஷன் முடித்திருக்கும் என் சித்தி மகளுக்கு நாகர்கோவிலில் ஒரு டிசைன் கடை வைத்த நிபந்தனைகள் இவை. திருவட்டாறிலிருந்து சித்தி போனில் கேட்டார்: "வீட்டிலிருந்தே போய் வரலாம் மக்களே, தொழிலும் படித்துக்கொள்வாள். சரி என்று சொல்லிவிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் பல பிள்ளைகள் இதையே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2009-ல் நானும் இப்படித்தான் ஒரு கடையில் சேர்ந்தேன். திருவிழாக்காலம். ஒரு பக்கம் தேவாலயப் பங்குத் திருவிழா நோட்டீஸ், மறுபக்கம் அம்மன் கோவில் கொடை விழா பிளெக்ஸ். இவற்றுக்கு நடுவே இரவு பத்து மணிக்கு மேல் வரும் 'கண்ணீர் அஞ்சலி' வேலைகள். விடிவதற்குள் அவற்றைச் சந்திப்பில் கட்டியாக வேண்டும். முதல் மாதத்திலேயே நான் தனியாகச் செய்த நான்கு நோட்டீஸ்கள் அச்சுக்குப் போயின. நான்குக்கும் டிசைன் கட்டணம் வாங்கினார்கள். ரசீது எழுதியதும் நான்தான். அந்த மாதம் எனக்குக் கிடைத்தது மதியச் சாப்பாடும் டீயும். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போன வேலையைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது? அது வேலை. அதற்குக் கூலி உண்டு.

அதே கடையில் எனக்கு உண்மையாகவே கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அச்சுக்கோர்ப்புக் காலத்திலிருந்து தொழிலில் இருந்த பெரியவர். ஒரு கல்யாணக் கார்டில் மணமகளின் பெயர் அகலமாகத் தெரியட்டும் என்று எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டியிருந்தேன். அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூஃப் தாளை விளக்குக்குக் கீழே பிடித்து, பென்சிலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினார். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம், நடுவில் க தனியாக நின்றது. பழைய தமிழ் எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். இடைவெளியைக் கூட்டினால் அவை எழுத்தை விட்டுப் பிரிந்துவிடும். "தமிழ் எழுத்தை இழுக்காதே தம்பி, அளவைக் கூட்டு" என்றார். சிறிய எழுத்தைக் கறுப்பு ஒன்றில் மட்டும் வை, நான்கு வண்ணத்தில் வைத்தால் ஒரு வண்ணத்தின் அச்சுப் பிளேட் மயிரிழை விலகினாலும் எழுத்து மங்கும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இப்போது வாட்ஸ்அப்பில் யூனிகோடில் (போனில் தட்டச்சாகும் எழுத்துமுறையில்) வரும் பெயர்ப் பட்டியலைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால், மாற்றியதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை என்ற பழக்கம் அவரிடமிருந்து வந்தது. இன்றும் அதை நான் விட்டதில்லை.

அதனால் பிளெக்ஸ் கடை வேலை கேவலம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. மொபைல் செயலி வடிவமைப்பில் நான் இன்று செய்யும் நல்ல வேலைகளுக்கு அடித்தளம் அந்த மேசையில்தான் விழுந்தது. முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் வேலையைத் திருத்தப்போவது யார் என்று கேளுங்கள். அப்படி ஒருவரும் இல்லாத கடையில், கையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து உட்காரவைத்து, 'கற்றுக்கொள்' என்பார்கள். அங்கே நீங்கள் கற்பது உங்கள் தவறுகளை வேகமாகச் செய்வதைத்தான்.

தங்கைக்கு இன்னொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. பெங்களூரில் 20,000 ரூபாய். கேட்டவுடன் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். மூன்று பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு 9,000. அலுவலகம் போய்வர 2,000. போன், துணிமணி, மருந்து என்று 3,000. ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஊருக்கு வந்துபோகும் செலவையும் வருடத்துக்கு நான்கு முறை என்று எடுத்து மாதக்கணக்கில் சேர்த்தோம். மிஞ்சியது ஏறத்தாழ 5,000. நாகர்கோவிலில் 10,000 ரூபாய் சம்பளம் கிடைத்தால் அதைவிடக் கூடுதலாகவே கையில் நிற்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சாப்பாடு சித்தி கட்டிக்கொடுப்பது.

பெங்களூர் போகவே கூடாது என்று சொல்லவில்லை. அங்கே சேரப்போகும் இடத்தில் மூத்த டிசைனர்கள் நான்கு பேர் இருந்தால் அந்த 5,000-க்கும் போகலாம். இவள் விஷயத்தில் அந்த நிறுவனத்துக்கு இவள்தான் முதல் டிசைனர். 21 வயதுப் பெண்ணைத் திருத்த அங்கே ஆள் இல்லை. இடையில் திருவனந்தபுரம் இருக்கிறது, அதை நம் பிள்ளைகள் ஏன் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம் அங்கே கழக்கூட்டத்தில் இருக்கிறது. குழித்துறையில் ரயில் ஏறி தினமும் போய்வருகிறவர்கள் உண்டு. மலையாளம் எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்த விளவங்கோடு, கல்குளம் தாலுகாப் பிள்ளைகளுக்கு அங்கே கூடுதல் மதிப்பு.

கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். அதைப் பிடித்துவைக்க நினைக்கும் முதலாளி, நீங்கள் விரும்பி இருக்கமாட்டீர்கள் என்று முதல் நாளிலேயே ஒத்துக்கொள்கிறார். 'வேலையை விட்டால் இந்த ஊரில் வேறு கடையில் சேரக் கூடாது' என்று எழுதி வாங்குகிறார்கள்; 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. இரவு பதினொரு மணி கண்ணீர் அஞ்சலிக்கும் அது பொருந்தும்.

பலர் கவனிக்காத ஒன்று: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது நீங்கள் வரைந்ததன் முதல் உரிமையாளர் முதலாளிதான், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால். அதனால் 'என் வேலை மாதிரித் தொகுப்பில் இவற்றைக் காட்டிக்கொள்ளலாம்' என்று சேரும்போதே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வேலையை வாங்கித்தரப்போவது அந்தத் தொகுப்பு.

கடை நடத்துபவர்களின் சிரமமும் எனக்குத் தெரியும். வாடகை, மின்கட்டணம், வசூலாகாத பாக்கி, திருவிழா இல்லாத மாதங்கள். புதிதாக வருபவருக்கு முதல் மாதமே 15,000 கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொடுப்பது குறைவாக இருந்தாலும் முதல் மாதத்திலிருந்தே கொடுங்கள், ஆறு மாதத்தில் எவ்வளவு கூட்டுவீர்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தங்கை செய்த மூன்று வேலைகள் என்னிடம் இருக்கின்றன: ஒரு தேன் பாட்டில் லேபிள், ஒரு கல்யாணக் கார்டு, தோவாளைப் பூச்சந்தையைப் பற்றிய எட்டுப் பக்கக் கையேடு. கார்டில் கொம்பும் காலும் சரியாக இருக்கின்றன, நானே பார்த்துவிட்டேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மூத்த டிசைனர் ஒருவரோடு உட்காரவைத்து, முதல் மாதத்திலிருந்தே சம்பளம் தரக்கூடிய கடைக்காரர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். பெங்களூருக்கு வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.