எங்க அப்பா பேர் என் குடும்பப் பெயர் இல்லைங்க!

நேற்று ராத்திரி பதினொன்றரை மணி. இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் சர்க்கரை, பிரஷர், நாமினி எல்லாம் தாண்டி வந்துவிட்டேன். மாட்டிக்கொண்டது அதே கட்டத்தில்தான். 'லாஸ்ட் நேம்'. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

என் பெயர் வே. குமரன். சரி என்று ஆங்கிலத்தில் 'வி' போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லையாம். புள்ளி எப்போது ஐயா சிறப்புக் குறி ஆனது? 'விவி' என்று போட்டேன். அமைதியாக வாங்கிக்கொண்டு, ஓடிபி, முகவரி, பிறந்த தேதி எல்லாம் கறந்துவிட்டு, நாலாம் பக்கத்தில் 'பான் கார்டோடு பெயர் பொருந்தவில்லை' என்று முதல் பக்கத்துக்கே துரத்தியது. குமரன் குமரன் என்று இரண்டு தடவை அடித்தேன். ம்ஹூம். வெறுத்துப்போய் 'நில்' என்று அடித்தேன். 'வணக்கம், மிஸ்டர் நில்!' என்றது. நின்றுவிட்டேன்.

காலையில் கஸ்டமர் கேர்.

"சர்நேம் என்ன சார்?"

"இல்லைங்க."

"ஃபேமிலி நேம்?"

"அதுவும் இல்லைங்க. இனிஷியல்தான்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கேஸ்ட் நேம் ஏதாவது இருக்கா சார்?"

அம்மா தாயே! 1929இல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூட்டி, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டி எறியுங்கள் என்று தீர்மானம் போட்ட ஊர் இது. தாத்தா காலத்தில் நறுக்கிய வாலை நான் ஒரு பாலிசிக்காகத் தேடியெடுத்து ஒட்டவைக்க வேண்டுமா?

தப்பு கட்டத்தில் இல்லை, என் பரம்பரையில்தான் என்கிற மாதிரியே எல்லாரும் பேசுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் 'எஃப்என்யு' என்று அச்சடித்துத் தருவான். முதல் பெயர் தெரியவில்லையாம். தெரியாமலா எங்க அம்மா சோறு ஊட்டினாள்? 2022இல் அமீரகமும் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்றுவிட்டது. இதில் நான் எம்மாத்திரம்? ஐந்து முறை உலக சாம்பியன் ஆன ஆனந்தையே உலகம் 'விஷி' என்றுதான் கூப்பிடுகிறது. விஸ்வநாதன் அவர் அப்பா பேர்! மனுஷன் செக்மேட் வைத்துவிட்டு எழுந்தால் கைதட்டல் அப்பாவுக்கு.

கடைசியில் தோற்றேன். பான் கார்டு வாங்கும்போதே இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி வாங்கியிருந்தார்கள். அதையே போட்டேன். அரை நொடியில் பச்சை டிக். அடுத்த நிமிஷம் குறுஞ்செய்தி: 'அன்புள்ள வேலாயுதம், உங்கள் பிரீமியம்...' வேலாயுதத்துக்கு எழுபத்தொரு வயது, அவர் பாலிசியே கேட்கவில்லை!

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "வேலாயுதமும் முருகன், குமரனும் முருகன். இதுக்குப் போய் ஏன்டா கத்தறே? பேர் எந்தப் பக்கம் இருந்தா என்ன, பணம் நீதானே கட்டப்போறே" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல? சிரிப்புதான் வந்தது.

சிரித்து முடித்துப் பார்த்தால் போனில் நாலு சதவீதம். என் சார்ஜரை எடுத்துக்கொண்டு போனதும் அதே வேலாயுதம்தான். கேட்டால், எல்லா சார்ஜரும் ஒண்ணுதானே என்கிறார்.