சேலை கொடுப்பதற்கு முன் பாக்கியைக் கொடுங்கள்

ஒரு கத்தோலிக்கக் கோயிலில் எடுத்த அந்தப் போட்டோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஏழைகளுக்காகத் திருச்சபை கடைப்பிடிக்கும் வறியோர் உலக நாள், பேனர், ஆளுக்கொரு சேலை, அஞ்சு கிலோ அரிசி. வரிசையின் கடைசியில் நிற்பவர் அதே கோயிலில் 22 வருடம் மணியடித்து, பூசைக்கு எல்லாம் எடுத்துவைத்த கோயில்பிள்ளை. போன மாதம் ஒரு பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். எந்தப் பங்கு (ஊர்க் கோயில் சமூகம்) என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவருக்குச் சேர வேண்டிய பணம் எங்கே என்று மட்டும்தான் கேட்டேன். அதற்கே இரண்டு நாளாக இன்பாக்ஸில் திட்டு.

நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. நீதியின்படி கொடுக்க வேண்டியதை அன்புக்கொடை போல நீட்டக் கூடாது என்று 1965இலேயே உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) பணி பற்றிய ஏட்டின் 8ஆம் எண்ணில் சொல்லிவிட்டது. திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 2446ஆம் எண்ணிலும் அதுவே இருக்கிறது. பாக்கியைத் தர்மம் ஆக்காதீர்கள். அவ்வளவுதான்.

"கோயில் கம்பெனி இல்லை, இது சேவை" என்கிறார்கள். திருச்சபைச் சட்டம் 231ஐ எடுத்துப் படியுங்கள். திருச்சபையின் சிறப்புப் பணியில் இருக்கும் பொதுநிலையினருக்குக் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம், சமூகப் பாதுகாப்பு, மருத்துவ உதவி ஆகியவை உரிமை என்கிறது. சட்டம் 1286, நாட்டின் தொழிலாளர் சட்டங்களையும் கடைப்பிடிக்கச் சொல்கிறது.

"அவரே ஒத்துக்கொண்ட சம்பளம்தானே?" வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்பவன் அநீதிக்குப் பலியாகிறான் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் எழுதிவிட்டார்.

"எங்களிடம் வேலை செய்பவர்கள் பத்துப் பேருக்குக் குறைவு, பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும். திருச்சபைச் சட்டம் 231இல் தலைக்கணக்கு எதுவும் இல்லையே. பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கையே அளவாக வைத்துக்கொள்வோம்: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். 9,000 ரூபாய்க்கு 22 வருடம் என்றால் சுமார் 1,14,230 ரூபாய். ஒரு சேலையும் அரிசியும் எங்கே, இது எங்கே?

"நிதி இல்லை" என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) அந்தச் சம்பளத்தில் 12 சதவீதம் என்றால் மாதம் 1,080 ரூபாய். பணிக்கொடைக்காக ஒதுக்க வேண்டியது சுமார் 433. இரண்டும் சேர்ந்து 1,513 ரூபாய். திருவிழாவுக்குக் கொடிமரத்திலிருந்து கோபுரம் வரை சீரியல் லைட் போடும் பங்குக்கு இது முடியாதா?

எங்கே தப்பு நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். நியமனக் கடிதம் கொடுப்பதில்லை. சம்பளத்தை வவுச்சரில் "அன்பளிப்பு" என்று எழுதுகிறார்கள். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனதும், வருகிறவர் "நான் நியமிக்கவில்லையே" என்கிறார். சில இடங்களில் ஒதுக்கி வைக்கிறார்கள், ஆனால் பொதுக்கணக்கிலேயே. அடுத்த மழைக்கு ஓட்டுக்கூரை ஒழுகினால் அந்தப் பணம் அதற்குப் போய்விடும். தனிக் கணக்கு வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். சம்பளம் கூடும்போதெல்லாம் பழைய வருடங்களுக்கும் சேர்த்து ஒதுக்கீட்டைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் கணக்கு கடைசிச் சம்பளத்தில்தான் நிற்கும்.

கொடுப்பவர்களைக் கேவலப்படுத்துகிறேனாம். வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் கேமரா இல்லாமல் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை சொன்னேனா? திருச்சபையை அவமானப்படுத்துகிறேன் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நீதியைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் மக்கள் கண்ணில் நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று 1971இல் உலக ஆயர் மாமன்றமே சொன்னது. கூலிக்காரனுக்குச் செய்யும் அநீதி வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம்?

அடுத்த ஞாயிறு பங்குப் பேரவை கூடுகிறது. நியமனக் கடிதம் இல்லை என்று சொல்வார்கள். பழைய ரொக்கப் புத்தகங்களைக் கேளுங்கள். மாதாமாதம் அவர் பெயர் அதில் இருக்கும். முதல் மாதத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.